என் மனைவி கலந்துகொண்ட ஒரே விவாதம்

கடல் மட்டம் உயர்கிறது என்பதை ஒருவருக்கு நிரூபிக்கச் சில ஆண்டுகளாக முயன்று வருகிறேன். பணிக்காலம் முழுவதும் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவன் நான். வகுப்பில் தூங்கிய மாணவர்கள்கூடத் தேர்வில் அதை ஒப்புக்கொண்டார்கள். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளம் வைத்திருப்பவர். நான் தூத்துக்குடியில் இருக்கிறேன். ஆனாலும் நேரில் பார்த்ததில்லை. இணையத்தில் அவருடைய பக்கத்தில்தான் பழக்கம். பழக்கம் என்றால் சண்டை.

பருவநிலை மாற்றம் என்பது நம் துறைமுகத்தை முடக்க வெளிநாட்டார் கட்டிவிட்ட கதை என்று அவர் காலையில் எழுதுவார். மாலையில், “நாளைக்கு வாரலாம்னு இருந்த உப்பு, காலங்கெட்ட மழையில கரைஞ்சு போச்சு. முன்னெல்லாம் இந்த மாசத்துல மழை உண்டுமா?” என்று எழுதுவார். இரண்டு பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அவை ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆலந்தலைப் பக்கம் கரை அரிக்கப்படுவதைப் படத்துடன் காட்டினேன். “கடல் ஏறல அண்ணாச்சி, கரைதான் எறங்குது” என்றார். நிலவியலில் இதற்குப் பதில் இருக்கிறது. அதைப் பன்னிரண்டு பத்திகளில் எழுதினேன். அவர் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினார்.

அரசியலிலும் அவர் இதே அறிவியல் முறையைத்தான் கையாண்டார். அவருடைய கட்சி ஆண்டால் மழை கட்சியின் சாதனை. மாற்றுக் கட்சி ஆண்டால் அதே மழை ஆட்சியின் கேடு. மதத்தில், நாசரேத்துப் பக்கத்து எங்கள் குடும்பம் பால்மாவுக்காக வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தது என்று கண்டுபிடித்தார். டப்பாவில் பால்மா இந்தக் கரைக்கு வருமுன்பே நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்று சான்றுகளுடன் விளக்கினேன். “அப்பம் சும்மாவா சேர்ந்தீங்க?” என்று கேட்டார்.

நான் பன்னிரண்டு பத்தி எழுதிய அந்தக் கடல் மட்டப் பதிவின் கீழ்தான் என் மனைவி எழுதினாள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பதற்குத் தவிர இணையத்தை மதித்ததில்லை. அன்று அறை வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். என் கண் எங்கே இருக்கிறதோ அங்கே வந்து சொல்வதே முறை என்று தீர்மானித்திருக்க வேண்டும். என் பன்னிரண்டாம் பத்திக்குக் கீழே அவளுடைய படத்துடன் ஒரு வரி வந்தது: “சாப்பாடு ஆறுது. எந்திரிச்சு வாங்க.”

உப்பளத்துக்காரர், அண்ணன் மனைவியை அழைப்பதுபோல, உடனே எழுதினார்: “மதினி, இந்தா விட்டுட்டேன். அண்ணாச்சி, மொதல்ல போய்ச் சாப்பிடுங்க. கடல் எங்க போயிரப் போவுது?” அது போகவில்லை, வந்துகொண்டிருக்கிறது என்பதே என் கட்சி. ஆயினும் எழுந்து போனேன். சீலாமீன் குழம்பு. அவளுடைய வரிக்குப் பதில் எழுத வேண்டியிருக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவள் இறந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வசனம் சொல்லி, ஜெபித்து, தேநீர் குடித்துப் போனார்கள். எல்லோரும் மிகக் கவனமாகப் பேசினார்கள். கவனமில்லாமல் என்னிடம் பேசக்கூடியவர் ஒருவர்தான் மிச்சம். அவரிடம் செய்தியைச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த வாரமே சிலை வழிபாட்டைப் பற்றி அவருடன் மோதினேன். நன்றாகவே வாதாடினேன் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு எனக்கு ஒரு தொழில்முறைச் சங்கடம் ஏற்பட்டது. தம்மை வாயடைக்கச் செய்பவர்களை அவர் தடை செய்துவிடுவார். அப்புறம் அவருடைய பக்கமே அவர்கள் கண்ணில் படாது. அவளுடைய வரி அந்தப் பக்கத்தில் இருந்தது. படமெடுத்து வைத்திருந்தேன்தான். ஆனால் படத்தில், அவள் பெயருக்குக் கீழே பதில் எழுதும் கட்டம் வேலை செய்வதில்லை. ஆகவே தோற்கக் கற்றுக்கொண்டேன். ஆதாரத்தைப் பாதியில் நிறுத்துவேன். “நீங்கள் சொல்வதிலும் சிந்திக்க இடமுண்டு” என்று எழுதுவேன். உலகம் சூடாவதை இவ்வளவு மரியாதையாக எவரும் கைவிட்டிருக்க மாட்டார்கள்.

சென்ற மாதம் அவர் அறிவித்தார்: “மகனுக்குப் பொண்ணு பாத்திருக்கு. பொண்ணு வீட்ல நம்ம பக்கத்தத் தொறந்து பாப்பாங்களாம். சண்டை போட்ட சவத்தையெல்லாம் அழிச்சுத் தொலைங்கன்னு மகன் சொல்லுதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாம் காலி.”

என் எண்ணை அனுப்பி, பேச வேண்டும் என்று எழுதினேன். அவரே அழைத்தார்.

“என்ன அண்ணாச்சி, குரல் இம்புட்டு மெல்லிசா இருக்கு? எழுதும்போது யானை மாதிரில்லா எழுதுதீங்க!”

“கடல் மட்டப் பதிவை மட்டும் அழிக்காதீங்க. கரை அரிப்பைப் பத்தின குறிப்பு இருக்கு. ஆராய்ச்சிக்கு உதவும்.”

“அதுல நீங்க தோத்துல்லா போனீங்க! உங்க மானத்துக்காகவே அத மொதல்ல அழிக்கலாம்னு இருந்தேன்.”

வேறு வழி இருக்கவில்லை. “அதில என் வீட்டுக்காரி ஒரு வரி எழுதியிருக்கா.”

“மதினி சாப்பிடக் கூப்பிட்டதா? இப்பமும் கூப்பிடுதாங்களா, இல்ல தட்டத் தூக்கி உள்ள வச்சிருதாங்களா?” சிரித்தார்.

“அவ தவறிட்டா.”

அவர் பக்கத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. “ஏலே, அத நிறுத்து” என்று யாரிடமோ சொன்னார். நின்றது.

“எப்பம்?”

“போன மழையில.”

“நாம சிலையப் பத்திச் சண்டை போட்டமே…”

“அந்த வாரந்தான்.”

“அப்பமும் நான் பால்மாவுன்னுல்லா எழுதுனேன்.”

“அதுக்குத்தான் பதில் எழுதிட்டேனே.”

“கூறு இருக்காய்யா உமக்கு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா துட்டி கேக்க வந்திருப்பேன்லா.” துக்கம் விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. “இப்பம் வீட்ல நல்ல காரியம் நிக்கி. எழவு வீட்டு வாசல மிதிக்க விடமாட்டாங்க. அந்த எழுத்தும்…” நிறுத்தினார். எனக்குப் புரிந்தது. கல்யாண வீட்டுப் பக்கத்தில் இறந்தவளின் எழுத்து ஆகாது. “கேட்டுப் பாக்கேன் அண்ணாச்சி” என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை திறந்து பார்த்தேன். பால்மா போயிருந்தது. சிலைகள், கட்சிகள், காலங்கெட்ட மழை எல்லாம் போயிருந்தன. கடல் மட்டப் பதிவு மட்டும் இருந்தது. அது வெளிநாட்டுச் சதி என்ற கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் கீழே என் பன்னிரண்டு பத்திகள் இல்லை. மனித அறிவுக்கு அதனால் இழப்பு நேர்ந்ததாகத் தகவல் இல்லை. அவள் படம். சாப்பாடு ஆறுது. எந்திரிச்சு வாங்க. வேறெதுவும் இல்லை.

நேற்று முற்பகல் அவர் எழுதியிருந்தார்: “நிச்சயம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. பொண்ணோட அம்மா, யாரு இது சாப்பிடக் கூப்பிடுததுன்னு கேட்டாங்க. எங்க மதினின்னு சொன்னேன்.”

சாதி, மதம், ஊர் என்று எந்த வழியில் பார்த்தாலும் அந்த உறவுமுறைக்கு ஆதாரம் கிடையாது. அவருடைய தகவல் பிழைகள் அனைத்துக்கும் அன்றன்றே திருத்தம் அனுப்பி வந்தவன் நான். இதற்கு அனுப்பவில்லை. மதியமாகியிருந்தது. எழுந்து சாப்பிடப் போனேன்.