காப்பிக் களத்தில் ஒரு டி.வி.

சென்னம்மாளுக்கு வாய் நீளம். கொட்டச்சேட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ரேஷன் கடையில் பருப்பு இல்லையென்று கையை விரித்தாலும், காலை பஸ் நிற்காமல் போய்விட்டாலும், இதே ஆட்கள்தான் சென்னம்மாளைக் கூப்பிடு என்பார்கள். வேண்டியபோது அந்த வாய் வேண்டும், காரியம் முடிந்ததும் அது நீளமாகிவிடும். எனக்கு இந்த நியாயம் பிடிப்பதில்லை. எஸ்டேட் கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவன் நான். யார் எப்படியென்று எனக்குத் தெரியும்.

அவள் அந்த எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். தாத்தா காலத்தில் கீழேயிருந்து காப்பி வேலைக்கு மலையேறி வந்த குடும்பம். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. கணவர் மாரிசாமிக்குக் காப்பிப் பழம் உரிக்கும் மிஷினில் வேலை. சண்டை என்றால் முதலில் காணாமல் போகிற மனுஷன், ஆனால் சென்னம்மாள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் முனகிக்கொண்டே பின்னால் வருவார்.

லைனில் எல்லார் வீட்டிலும் கேபிள் உண்டு. அவள் வீட்டில் மட்டும் டிஷ். மாசக் கட்டணம் இல்லாத, வானத்திலிருந்து சும்மா வருவதை வாங்கிக் காட்டுகிற டிஷ். டி.வி.யோ அரசாங்கம் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த காலத்தது, முதுகு பெருத்த பெட்டி. அதே பெட்டியில் ஒன்றை அக்கம்பக்கத்தில் ஒருவர் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கோழி அடைக்க வைத்திருக்கிறார். சென்னம்மாளுடையது இன்னும் படம் காட்டுகிறது. ஏற்காட்டிலிருந்து டிஷ் மெக்கானிக் யுவராஜ் வந்து டிஷ் மாட்டிய அன்று, சுவர் எஸ்டேட்டுடையது, ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று, எஸ்டேட் கணக்கும் மேற்பார்வையும் பார்க்கிற ரைட்டர் அன்பழகன் தடுத்துவிட்டார். சென்னம்மாள் காலி பெயின்ட் வாளி ஒன்றைக் கொண்டுவந்து அதில் சிமென்ட்டைக் கொட்டி, டிஷ் கம்பியை நடுவில் நிறுத்தினாள். சுவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். வாளி வாசலில் உட்கார்ந்துகொண்டது.

ஒரே தொல்லை, வாசலில் நின்ற சில்வர் ஓக் மரம். டிஷ் பார்க்கும் பக்கத்து வானத்தை அதன் கிளை வருஷத்துக்கு வருஷம் மூடிக்கொண்டே வரும், படம் கட்டம் கட்டமாக உடையும். கோடையில் காப்பிக்கு வெயில் விட நிழல் மரங்களைக் கழிப்பார்கள். அப்போது அந்தக் கிளையும் போகும், படமும் திரும்பி வரும். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

போன தை மாதம் ஒரு டி.வி. சேனலிலிருந்து காப்பி அறுவடையைப் படம்பிடிக்க வந்தார்கள். மைக் பிடித்த பெண் நல்ல மாதிரி. வேலையெல்லாம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சென்னம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“காலைல ஒரு டம்ளர் காப்பி குடிக்கறதோட செரிங்க. சாயங்காலம் ஊடு வார வரைக்கும் நாங்க யாரும் தண்ணி குடிக்க மாட்டமுங்க. குடிச்சா ஒதுங்கோணும். செடி மறைவுல உக்காரலாம்னா, ஆம்பளையாளுக ஏணி போட்டு மரத்து மேல மொளகு பறிச்சுட்டு இருப்பாங்க. கீழ இருக்கறவங்களுக்குத்தான் செடி மறைவு, மேல இருக்கறவங்களுக்கு இல்லீங்க. இந்தா நிக்கறா பாருங்க புவனா, நீரை அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில கெடந்தா. ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலிச்சுப் போச்சுங்க.”

ரைட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கை அன்று சாயங்காலம் என் கடையில் நடித்தே காட்டினார்கள். ஆனால் ரைட்டரைவிட அதிகம் கொதித்தவள் புவனா. லைனின் கடைசி வீட்டுக்காரி, முப்பது வயசு, அக்கா அக்கா என்று சென்னம்மாளையே சுற்றி வந்தவள். தன் உடம்புச் சமாச்சாரத்தைப் பேர் சொல்லி ஊரறியச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மற்ற பெண்களும் அவள் பக்கம் சாய்ந்தார்கள். பேர் சொன்னது சென்னம்மாளின் தப்புதான், நானும் அவளிடமே சொன்னேன். “பேரு சொன்னது தப்புதானுங்க. சொன்னது தப்பில்லீங்க” என்றாள்.

சித்திரையில் ஒரு நாள் சென்னம்மாள் என் கடைக்கு வந்திருந்தபோது, அந்த மைக் பெண் அவளுக்குப் போன் செய்தாள். லைன் இருக்கும் பள்ளத்தில் டவர் கிடைக்காது, என் கடை வாசலுக்கு வந்துதான் பேச வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிகழ்ச்சி வருகிறதாம். அந்தச் சேனல் எங்கள் கேபிளில் வராது. சென்னம்மாளின் டிஷ்ஷில் வரும், ஆனால் அந்த வருஷம் அவள் வாசல் மரத்தை மட்டும் கழிக்காமல் விட்டிருந்தார்கள். படம் என்று ஒன்றும் இல்லை, கறுப்புத் திரைதான்.

அவள் நேராக ரைட்டரிடம் போனாள். மரம் எஸ்டேட் சொத்து, உன் டி.வி.க்காகக் கத்தி வைக்க முடியாது என்றார் அவர். தை மாதத்துக் கோபத்தை அவர் சித்திரை வரைக்கும் பத்திரமாக வைத்திருந்தார். திரும்பி வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்புறமாக செல்போனில் பார்த்துக்கொள்ளலாமே, மேட்டுக்கு வந்தால் கிடைக்குமே என்று நான் சமாதானம் சொன்னேன்.

“எல்லாருஞ் சேந்து பாக்கோணுங்க” என்றாள். “ஒருத்தொருத்தியா பாத்தா, ஒருத்தொருத்தியா வெக்கப்பட்டுட்டுப் போயிருவாளுக. சொன்னது அத்தனை பேருக்குமில்லீங்களா?”

எஸ்டேட் முழுக்க மரம். மரமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், காப்பி காயப்போடும் சிமென்ட் களம். வெயில் விழ வேண்டும் என்பதற்காக அதைச் சுற்றி ஒரு கிளையைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். காப்பியும் மிளகும் காய்ந்து மூட்டையாகிப் போய்விட்டதால் அது காலியாகத்தான் கிடந்தது. தினமும் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதும் அங்கேதான், ரைட்டரின் ஆபீஸுக்கு நேர் எதிரே. இன்னொரு ஆளாக இருந்தால் அந்த இடத்தை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் புருஷனும் பெண்டாட்டியும் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாரிசாமி வழியெல்லாம் முனகினார். இன்றைக்கு வேலையை விட்டு நிறுத்திவிடுவான், லைனைக் காலி செய்யச் சொல்லிவிடுவான், உனக்கு இதெல்லாம் தேவையா என்று. ஆனால் வாளியைக் கீழே வைக்கவில்லை. பிறகு டி.வி.யையும் டிஷ் பாக்ஸையும் ஒரு ஸ்டூலையும் சுமந்து வந்தார்கள். வெளிச்சத்தில் திரை தெரியாது என்பதால் மழைக்குப் போர்த்தும் கம்பளியை டி.வி.க்கு மேலே கூடாரம் போலப் போட்டாள்.

கரன்ட் வேண்டும். களத்துக்குப் பக்கத்து வீடு புவனாவுடையதுதான். சென்னம்மாள் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவின் முன்னால் நின்றாள், எதுவும் கேட்கவில்லை. கதவு திறந்தது. புவனா ஒயரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சொருகிவிட்டு வந்தாள்.

“உனக்கோசரம் இல்ல” என்றாள். “என்ற பேரு வருதான்னு நான் என்ற கண்ணால பாக்கோணும்.”

மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. சென்னம்மாள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

டிஷ்ஷைத் திருப்புவது பெரிய பாடாகிவிட்டது. பாக்ஸ் திரையில் இரண்டு கோடு காட்டும், இரண்டாவது கோடு நிரம்பினால்தான் படம் வரும். மாரிசாமி வாளியை அங்குலம் அங்குலமாக நகர்த்த, அவள் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ போச்சு என்று கத்திக்கொண்டிருந்தாள். அதற்குள் பேர் கொடுக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிரித்தவர்களும் உண்டு. பொட்டிக்குக் குளிருதா என்று ஒருத்தி கேட்டாள். கூட்டத்தைப் பார்த்து நானும் கடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன். இரண்டாவது கோடு திடீரென்று ஏறியது, பாட்டுச் சத்தம் களம் முழுக்கக் கேட்டது.

ரைட்டர் அதைக் கேட்டுத்தான் வெளியே வந்தார். எடு இதையெல்லாம் என்றார். களத்தில் டி.வி. வைக்க யாரைக் கேட்டாய் என்றார். சென்னம்மாள் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஏனுங்க, செவுத்துல ஆணியடிச்சனா? மரத்துல கை வெச்சனா? களத்துல காப்பி கெடக்குதா? பேரு கூப்பிடற நேரமும் வரல. அது வரைக்கும் ஆகாசத்துல வாரதப் பாக்கறமுங்க. ஆகாசமும் எஸ்டேட்டுதுன்னா சொல்லுங்க, எடுத்துர்றேன்.”

அதற்குள் நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. எங்கள் எஸ்டேட் பேர் வந்ததும் ரைட்டருக்கும் பார்க்கும் ஆசை. சும்மா சொல்லக் கூடாது, படம் அழகாக இருந்தது. பனி, சிவந்த பழம், கூடை. தங்கள் முகம் வந்தபோது பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். பிறகு சென்னம்மாள் வந்தாள். கூடையை இறக்கினாள், வாயைத் திறந்தாள். புவனா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஒரு சொல்கூட வரவில்லை. திரையில் சென்னம்மாளின் உதடு அசைகிறது, கை ஏணியைக் காட்டுகிறது, கண் கலங்குகிறது. அதற்கு மேலே புல்லாங்குழல் வாசிக்கிறார்கள். ஒரு ஆண் குரல் குழைந்து குழைந்து பேசுகிறது. குளுகுளு மலையில், இயற்கையின் மடியில், கவலை என்றால் என்னவென்றே அறியாத மக்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குரல்காரன் எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

ரைட்டர் சிரித்தார். “பாத்தியா, எது காட்டோணுமோ அத மட்டும் காட்டியிருக்கான். படிச்சவன்” என்றார்.

சென்னம்மாள் அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இந்த ஒரு நாளுக்காகத்தானே மூன்று மாதம் எல்லார் முறைப்பையும் தாங்கினாள். குனிந்து டி.வி.யின் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்தாள். புல்லாங்குழல் நின்றது. திரையில் அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, தை மாதம் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னாள். காலை ஒரு டம்ளர், சாயங்காலம் வரைக்கும் வறண்ட தொண்டை, கீழே செடி மறைவு, மேலே ஏணி, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்று வந்ததும் அவள் பேச்சு நின்றது. பேர் சொல்லும் இடம் அது. சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

ஏணி போடும் ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அது நாந்தானுங்க” என்றாள் புவனா.

அவள் வீட்டுக்குள் போனதைப் பார்த்து, அவ்வளவுதான் போய்விட்டாள் என்று நினைத்தோம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து, சொம்பும் கையுமாகத் திரும்பி வந்தாள். ரைட்டருக்கு நேர் எதிரே குடத்தை இறக்கினாள். சொம்பு நிறைய மொண்டு, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். கழுத்து நனைந்து ரவிக்கை நனைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“குடிச்சுட்டனுங்க. இன்னைக்குக் குடிச்சுட்டுத்தான் காட்டுக்கு வாரேன். நான் எங்க ஒதுங்கறதுன்னு இப்பவே சொல்லிப்போடுங்க.”

ரைட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பேர் கூப்பிடும் நேரம் ஆகிவிட்டது, எல்லாரும் வரிசையில் நில்லுங்கள் என்றார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர் முன்னால் அல்ல, குடத்தின் முன்னால். சென்னம்மாள் சொம்பை வாங்கி மொண்டு மொண்டு கொடுத்தாள்.