கங்காணியின் குழந்தை வைத்தியம்

பீர்மேட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் எழுபதுகளில் கங்காணியாக இருந்த சுவக்கீனுக்கு, இரண்டு பசுக்களை வாங்கிக் கட்டிய நாளிலிருந்து குழந்தை வைத்தியமும் தெரிந்துவிட்டது. இப்படி ஒரு மேதாவியை அந்த மலை பார்த்ததில்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடினால் அவனுக்குப் பொறுக்காது. ஒரு வயது தாண்டிவிட்டால் தாய்ப்பால் வெறும் தண்ணீர், என்னிடம் பசும்பால் வாங்கு என்பான். அவன் விற்ற பாலில்தான் பாதி தண்ணீர்.

இன்பமேரியின் மகனுக்கு ஒன்றரை வயது. கஞ்சி, கீரை, முட்டை எல்லாம் தின்பான், தாயிடமும் குடிப்பான். ஒரு நாள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தொழுவத்தைக் கடந்தபோது, பால் கறந்துகொண்டிருந்த சுவக்கீன் கூப்பிட்டு நிறுத்தினான்.

"ஏ இன்பமேரி, இன்னுமா பால் குடுத்துக்கிட்டு இருக்க? இந்தப் பசும்பாலக் குடு, பய தேறுவான்."

அவனுக்குப் பின்னால் முளையில் கட்டியிருந்த கன்று, எலும்பும் தோலுமாக, தாயின் மடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

இன்பமேரி அதையே பார்த்தாள்.

"எம் பிள்ளை நல்லாச் சாப்பிடுதான், எங்கிட்டயும் குடிக்கான். அவனுக்கு ஒரு கொறையும் இல்ல. தேற வேண்டியது அந்தக் கன்னுதான், கங்காணியாரே. அதோட ஆத்தா பால மொதல்ல அதுக்கு விடுங்க."