கோழிக்குப் பூசிய பளபளப்பு

எடப்பாடியில் மெஸ் நடத்தும் அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம். பரிமாறிவிட்டு, நாம் முதல் கவளம் வாயில் வைக்கும்வரை கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பார். உணவைப் படமெடுக்கக் கற்றுக்கொண்டிருந்த நான், அவர் ரசம் எடுக்க உள்ளே போனபோது, வகுப்பில் சொன்னபடி நாட்டுக்கோழி வறுவல்மேல் பளபளப்புக்காகக் கிளிசரின் பூசினேன். படமெடுக்கும்போது வந்து நின்றார்.

“சாப்புடுங்க சாமி, ஆறிப்போகுதுங்க.”

கிளிசரினைத் தின்ன முடியுமா? இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஏனுங்க, உப்பு தூக்கலாயிருச்சுங்களா?”

நான் கேமராவைப் பைக்குள் வைத்தேன். அவர் மற்ற இலைகளுக்குப் போய், “உப்பு சரியா இருக்குதுங்களா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

படம் பிரமாதம் என்றார்கள் வகுப்பில். ஓரத்தில் கரண்டியோடு தெரியும் கையை மட்டும் வெட்டிவிடச் சொன்னார்கள்.