நடுத்திரைக்குப் போகும் கேபிள்

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் வாங்குவது பெரிய விஷயமில்லை. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு. மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே உப்புப் பாத்திகள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்போடுதான் அடிக்கும். புதுப் பூட்டு ஒரே மாதத்தில் சிவந்துபோகும். என் முதல் சிபியு ஐந்து மாதம் தாங்கியது, இரண்டாவது ஏழு மாதம். பாண்டிச்சேரியில் பழுது பார்க்கிறவர் அதைத் திறந்து, உள்ளே போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்ததைக் காட்டினார். உள்ளே ஃபேன் சுற்றுகிறது, காற்றோடு உப்பையும் சேர்த்து இழுக்கிறது, அதுதான் காரணம் என்றார்.

அதனால் மூன்றாவது சிபியுவை வீட்டின் கடைசியில், ஜன்னலே இல்லாத, வாசலில் கதவுக்குப் பதில் திரைச்சீலை தொங்கும் சாமான் அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தோம். மானிட்டர்களுக்கு ஃபேன் கிடையாது, அவை முன்னறையிலேயே இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே பத்து மீட்டர் நீளத்தில், படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் மூன்று எச்.டி.எம்.ஐ. கேபிள்கள். சுவரில் துளை போட்டு, பரண் வழியாக இழுத்து, மூன்றுக்கும் மூன்று நிறத்தில் டேப் ஒட்டிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். உப்பளத்தில் பம்பு எஞ்சின் ஓட்டுகிறவர் அவர். நடு மானிட்டருக்குப் போகும் கேபிளுக்குச் சிவப்பு டேப்.

என் வேலை இதுதான்: அமெரிக்காவில் எங்கோ இருக்கும் கிடங்குகளின் கேமராக்களை, அங்கே இரவாக இருக்கும் நேரத்தில், இங்கே பகலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. யாராவது வேலி ஏறினால் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று திரைகளும் ஒரு நொடிகூட அணையக் கூடாது. அணைந்தால் சென்னையில் இருக்கும் கம்பெனிக்கு உடனே தெரிந்துவிடும். திரைகள் இருக்கும் அறையில் நான் மட்டும்தான் இருக்க வேண்டும், ஆய்வு என்றால் வீட்டிலேயே வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி.

அந்த மே மாதம், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீடியோ காலில் ஆய்வு என்று ஆறு நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து நடுத்திரை அணைய ஆரம்பித்தது. இரண்டு நொடி கறுப்பாகும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நிற்கும். முதல் நாள் நான்கு தடவை. புதன்கிழமை இருபது தடவைக்கு மேல். மேற்பார்வை பார்க்கும் மேடம் போனில் கூப்பிட்டார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார். ஆய்வு நடக்கும் ஒரு மணி நேரத்தில் ஒருமுறை அணைந்தாலும், அடுத்த வாரத்திலிருந்து நான் சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், இனி வீட்டிலிருந்து வேலை கிடையாது என்றார். சென்னை என்றால் ஹாஸ்டல். என் மகளுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிற அம்மாவாக இருக்க என்னால் முடியாது. அந்த வாரம் அவள் லீவுக்குக் கிளியனூரில் அத்தை வீட்டில் இருந்தாள், அந்த நான்கு நாளையே என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் கேமராக்களை வேறு ஒருத்திக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மணிக்குள் சரி செய்துகொள் என்று அர்த்தம். ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன்.

முதலில் மானிட்டர் மேல்தான் சந்தேகம். இடதுபக்க மானிட்டரை நடுக் கேபிளில் மாட்டினேன். இப்போது அது அணைந்தது. ஆக, மானிட்டர் இல்லை. சாமான் அறைக்கு ஓடி, சிபியுவின் பின்னால் சிவப்பு டேப் கேபிளை வேறு துளைக்கு மாற்றிக் குத்தினேன். ஓடிவந்து பார்த்தேன். ஆறாவது நிமிடம் கறுப்பு. துளையும் இல்லை. படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் நின்றது. மனசு சற்றே நிம்மதியானபோது மறுபடி போனது. நீளக் கேபிளில் இதுதான் தொல்லை. பாண்டிச்சேரிக்காரர் அன்றே சொல்லியிருந்தார், நீளம் கூடக் கூட சிக்னல் களைத்துப்போய்த்தான் வந்து சேரும், கையளவுக் கேபிளில் தெரியாத சின்னக் குறைகூட இதில் காட்டிக் கொடுத்துவிடும் என்று.

குறை கேபிளில்தான் என்று தெரிந்தபோது மணி பதினொன்று. பாண்டிச்சேரிக்குப் போய், பத்து மீட்டர் கேபிளைத் தேடி வாங்கி, பஸ் பிடித்து வந்து, பரணில் இழுத்து மாட்டுவது நடக்காத காரியம். மறுபடி சாமான் அறைக்குப் போனேன். சிபியுவில் மாட்டியிருந்த பிளக்கை உருவி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, வழவழவென்று கிரீஸ்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எங்கள் ஊரில் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. இரும்பைக் கண்டால் கிரீஸ் தடவாமல் விடமாட்டார்கள். எஞ்சின் போல்ட், சைக்கிள் செயின், கேட்டின் தாழ்ப்பாள், பீரோவின் கீல், எதுவும் தப்பாது. இவரும் ஞாயிற்றுக்கிழமையானால் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். போன ஞாயிற்றுக்கிழமை அந்த விரல் என் சிபியு வரைக்கும் போயிருக்கிறது. திங்கட்கிழமை திரை அணைந்திருக்கிறது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

போன் போட்டேன். எடுத்தார். பின்னால் எஞ்சின் சத்தம், ஆட்கள் பேச்சுச் சத்தம். கையில் கிரீஸோ உப்போ இருக்கும் என்பதால் உப்பளத்தில் எல்லோரும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

"எச்.டி.எம்.ஐ. பிளக்குல கிரீஸ் தடவி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு அறிவு இருக்குதா? இந்த உப்பளத்து புத்திய வீட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு எத்தினி தடவ சொல்றது? என் வேலை போச்சு. உங்களாலதான் போச்சு."

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சு நின்றுவிட்டது. அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர், வருஷக்கணக்காக என்னைப் பார்த்தால் சிரிக்கிறவர்கள், எல்லோரும் கேட்டிருப்பார்கள். உப்பளத்து புத்தி என்று நான் சொன்னது அவர்களையும் சேர்த்துத்தான்.

"உப்பு புடிச்சிடப் போவுதேன்னு தடவினேன்" என்றார். பிறகு, "சரி, வர்றேன்."

எஞ்சினை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியில் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பெட்ரோலில் கழுவலாமா என்று கேட்டார், நான் முறைத்தேன். எதிர்வீட்டு நர்சம்மாவிடம் போய் ஸ்பிரிட் வாங்கி வந்தார். பஞ்சு உள்ளே போகவில்லை. மகளின் பழைய டூத்பிரஷ்ஷில் நான்கைந்து நாரை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டி, அதை ஸ்பிரிட்டில் தோய்த்து, அந்தத் தடித்த விரல்களால் மூன்று பிளக்குகளையும் ஒவ்வொரு பின்னாகத் துடைத்தார். மூன்றிலும் கிரீஸ் இருந்தது. மூன்றில் இரண்டு அதே கிரீஸோடு நான்கு நாளும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. இது என் கண்ணெதிரே இருந்த விஷயம். கோபத்தில் எனக்கு உறைக்கவில்லை.

உலரவிட்டு மாட்டியபோது மணி ஒன்று. திரை வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று நிமிடம். கறுப்பு.

நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் சிவப்பு டேப் கேபிளை மானிட்டரிலிருந்து கையால் தடவிக்கொண்டே போனார். பரண் மேல் ஏறி, அங்கேயும் தடவி, இறங்கி, சாமான் அறையின் திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்தார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இத யாரு இப்படி மடிச்சிக் கட்டினது?"

எழுந்து போனேன். அறை வாசலுக்கு மேலே, ஆணியில், மிச்சக் கேபிள் ஒரு சாண் அளவுக்கு மடித்து மடித்து, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி முனைபோல் நின்றது. மற்ற இரண்டின் மிச்சமும் அவர் முதலில் விட்டிருந்தபடியே பெரிய வளையமாகத் தளர்வாகத் தொங்கியது. சிவப்பு டேப் கேபிள்தான் எப்போதும் நழுவித் திரைச்சீலைக்கு வெளியே தொங்கும். ஆய்வில் வீட்டைப் படம் பிடித்துக் காட்டச் சொல்வார்களே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை. அவர் கேட்டுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை. நான் செய்தது எனக்கு வீட்டு வேலையாகத்தான் தெரிந்தது, கோளாறாகத் தெரியவே இல்லை.

"நான்தான்" என்றேன்.

"ஓஸ் பைப்பு மடிஞ்சா தண்ணி வராதும்மா" என்றார். அவ்வளவுதான். குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

டேக்கை வெட்டினார். மடிப்பை நீவி விட்டார். ஒரு இடத்தில் மட்டும் உள்ளே கம்பி விட்டுப்போயிருக்க வேண்டும். அந்த இடத்தைத் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பிடித்தால் திரை நின்றது. கையை எடுத்தால் போனது. ஆணியில் மாட்டினோம், டேப் சுற்றினோம், ஸ்கேல் வைத்துக் கட்டினோம். எதற்கும் மசியவில்லை. அவர் கைக்கு மட்டும் நின்றது. மணி ஒன்று ஐம்பது.

"நீ போய் ஒக்காரு. நான் புடிச்சிக்கிறேன்" என்றார்.

யாரும் இருக்கக் கூடாதே என்றேன். திரைச்சீலையை இழுத்து மூடச் சொன்னார்.

இரண்டு மணிக்கு மேடம் வீடியோ காலில் வந்தார். மூன்று திரைகளையும் போனில் காட்டச் சொன்னார். காட்டினேன். எண்பது, தொண்ணூறு கேமராக் கட்டங்கள், எல்லாம் இருட்டான வெற்றுக் கிடங்குகள். போனை ஒரு சுற்று சுற்றச் சொன்னார். ஜன்னல், நாற்காலி, கூடம், கூடத்தின் கடைசியில் பூப்போட்ட திரைச்சீலை. அதன் அடியில் அவருடைய கால் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

"வேற யாராவது இருக்காங்களா வீட்ல?" என்று மேடம் கேட்டார்.

"யாரும் இல்லைங்க மேடம்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். சத்தமாகச் சொன்னால்தான் பொய் மெய்போல இருக்கும். சொன்ன பிறகு அந்தக் குரல் கூடம் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பது உறைத்தது. காலையில் பத்துப் பேர் முன்னால் எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்றேன். மதியம் அவர் இல்லவே இல்லை என்றேன்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. வேலி, கதவு, லாரி, வேலி என்று கண் ஓடியது. மனசு முழுக்க அந்த அறையில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை, மே மாதம், சிபியுவின் சூடு வேறு. இரண்டு கையும் தலைக்கு மேலே. இரண்டரைக்கு நடுத்திரையில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அவர் கை தளர்கிறது போலிருக்கிறது. கோடு போய்விட்டது, திரை அணையவில்லை. இரண்டே முக்காலுக்கு இன்னொரு கோடு. அதுவும் போனது. மூன்றுக்கு மேடம், எல்லாம் சரியாக இருக்கிறது, இப்படியே வீட்டிலிருந்தே பார்க்கலாம், இன்று இது போதும் என்று சொல்லிப் போனை வைத்தார்.

போன் அணைந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு ஓடினேன். திரைச்சீலையை விலக்கினேன். அதே இடத்தில், அதே உயரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். சட்டை பிழிந்தெடுத்ததுபோல் நனைந்திருந்தது.

"கீழ வுடலாமா?" என்று கேட்டார்.

விடுங்க என்றேன். கை உடனே இறங்கவில்லை. நான்தான் முழங்கையைப் பிடித்து மெதுவாக இறக்கினேன். ஒரு சொம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீ யாரும் இல்லன்னு சொன்னியே, அப்ப மூச்சகூட அடக்கிட்டேன்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பம்பை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போய்ச் சேர்கிற நேரத்தைக் கணக்குப் போட்டு, கால் மணி நேரம் கழித்துப் போன் செய்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது. ஆட்கள் பேச்சும் கேட்டது.

"ஸ்பீக்கர்லயா இருக்குது?" என்று கேட்டேன்.

"ஆமா, கையெல்லாம் கிரீஸு. இரு, ஆஃப் பண்ணச் சொல்றேன்."

"வேணாம், இருக்கட்டும்" என்றேன். "கேபிள மடிச்சது நான்தான். தப்பு என்னுது. அங்க இருக்கறவங்க எல்லாரும் கேக்கட்டும்."

பேச்சு நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. நானும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.