மூலையில் ஓடும் இரண்டாவது கடிகாரம்

மாமனாரின் அறையில் இருக்கும் கணினியில், திரையின் வலது மூலையைத் தொட்டால் இரண்டு கடிகாரங்கள் விரியும். மேலே இருப்பது மைசூரு நேரம், கீழே இருப்பது மெல்போர்ன் நேரம். மாமனார் காலமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கீழே இருப்பது இனி யாருக்கு என்று என் கணவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை அங்கே வைத்தவள் நான்தான்.

மாமியார் இறந்தபோது மெல்போர்னில் இருந்த நாத்தனாரால் உடனே கிளம்ப முடியவில்லை. அவள் எங்கள் விஜயநகர் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நின்றபோது பதின்மூன்றாம் நாளும் முடிந்திருந்தது. மாமனார் அவளிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே உன் குரல் என் காதுல விழப்படாது." சொன்ன சொல்லில் நிற்கும் மனிதர். நான்கு வருடம், அவள் போன் செய்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். மெல்போர்ன் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன இணைய வானொலி ஒன்றில் அவள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பேசுகிறாள் என்று என் கணவர் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வேண்டுமென்றே உரக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாமனாருக்குக் கணினியில் 'பென்ஷன் வேலை' வந்துவிட்டது. கதவு சாத்தப்படும். உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் மெல்லக் கேட்கும். நாங்கள் ஒன்றும் கேட்காதவர்கள்போல வெண்டைக்காய் நறுக்குவோம். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கையும் களவுமாகப் பிடிப்பதில்லை.

நான்காவது வருடத்து அக்டோபரின் முதல் ஞாயிறு அவளுடைய கடைசி நிகழ்ச்சி. வானொலியையே மூடுகிறார்கள். பேசியதைப் பதிவு செய்து வைக்கும் வழக்கமும் அங்கே கிடையாது, விட்டால் விட்டதுதான். அதற்குப் பிறகு மகளின் குரல் வேண்டுமென்றால் போனைத்தான் எடுக்க வேண்டும், அது அவரால் ஆகாது. பதினொன்றரைக்குக் கதவு சாத்தப்பட்டது. ஐந்தே நிமிடத்தில் திறந்தது. கணவர் ஊரில் இல்லை. மாமனார் என்னைப் பார்த்து, "ஸ்வல்ப இங்கே வாம்மா" என்றார். அவர் பேச்சில் கன்னடம் புகுந்தால் பதற்றம் என்று அர்த்தம். "ஏனாய்த்தோ, என்ன ஆச்சோ தெரியலை. இந்தப் பென்ஷன் சைட்டு... சத்தமே வரலை."

பென்ஷன் சைட்டுக்கு எதற்குச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் கணினி மக்கர் செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிரோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் வானொலியின் பக்கம் இருந்தது, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் எந்த வாரமும் மூடியதில்லை. மூடினால் முகவரியை யாரிடமாவது கேட்க வேண்டிவருமே! ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஒலி அளவு முழுதாகத்தான் இருந்தது. கணினியில் கிடந்த ஒரு பழைய பாட்டைப் போட்டதும் அறை அதிர்ந்தது. ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. மோடத்தை அணைத்துப் போட்டு, விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் போனில் இணையம் வந்தது. அதிலேயே வானொலியைத் திறந்து பார்த்தேன், வெறும் வெள்ளையாக நின்றது. கணினியில் மட்டுமே பாடுகிற வானொலி அது. மணி பன்னிரண்டு. பக்கத்தைப் புதுப்பித்தேன். அதுவும் போய், சிவப்பு எழுத்தில் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது.

"அவா பக்கம்தான் ஏதோ கோளாறு மாமா. முன்னாடியே மூடிட்டாளோ என்னமோ."

"இல்லைம்மா. இப்போ பேசிண்டிருப்பா," என்றார். பேசிண்டிருப்பா! நான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் சொல். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு போன் போட்டுத் தொலைத்தால் என்ன? அதைச் சொல்லும் தைரியம் இல்லாமல் மவுஸைப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டேகால். பன்னிரண்டு இருபது. வேறு வழியில்லாமல், எப்போதும் நான் படிக்காமல் தாண்டிவிடுகிற அந்த அறிவிப்பின் பொடி எழுத்தைப் படித்தேன். உங்கள் கணினியின் தேதி தவறாக இருக்கலாம் என்றிருந்தது.

மூலையைப் பார்த்தேன். சாயங்காலம் ஐந்து ஐம்பது என்றது. பழைய பெட்டி, பாட்டரி போயிருக்கும், மணி எப்போதும் தப்பாகத்தான் ஓடும் என்று முன்பே முடிவு கட்டியிருந்தேன். ஆனால் வருடம்? அடுத்த வருடம் காட்டியது.

"மாமா, இந்தக் கடியாரத்தை நீங்க தொட்டேளா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "அந்த ஊர்ல கோடைக்குன்னு எல்லாரும் இன்னிலேர்ந்து ஒரு மணி முன்னாடி தள்ளி வச்சுக்கறாளாம். போன வாரம் அவதான் சொன்னா. அதான் காலம்பற நானும் தள்ளினேன். கூடவே வருஷமும் நகர்ந்துடுத்து போலிருக்கு."

கடிகாரம் தப்பாகவே ஓடவில்லை, மெல்போர்ன் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குரலே கேட்கக் கூடாது என்று சொன்ன மனிதர், அவள் எப்போது எழுவாள், எப்போது வேலை முடிந்து வீடு திரும்புவாள் என்று அந்த மூலையைப் பார்த்தே நான்கு வருடம் நாள் கழித்திருக்கிறார். வருடத்தைச் சரிசெய்தேன். அவசரத்தில் மணியும் மைசூருக்கே திரும்பிவிட்டது: பன்னிரண்டு இருபத்தொன்பது. பக்கம் திறந்தது, வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது, நாத்தனாரின் குரல் பளிச்சென்று கேட்டது. "...அவ்வளவுதான். எல்லோருக்கும் வணக்கம்." பிறகு கொஞ்சம் வீணை. பிறகு அதுவும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து திரையின் மூலையைப் பார்த்துவிட்டு, "மணியை மாத்திட்டியே," என்றார். "இப்போ அவளுக்கு மணி என்ன?"

"ஆறு, மாமா. சாயங்காலம்."

கையை நீட்டினார். என் போனில் அவள் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். மணி அடித்தது, அவள் எடுத்தாள், "சொல்லுங்கோ மன்னி" என்றாள். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான். இன்னிக்கு ரேடியோ சரியா கேக்கலை. என்ன பேசினேன்னு ஆரம்பத்துலேர்ந்து சொல்லு."

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அவர்கள் பேசி முடித்த பிறகுதான், இனி எதையும் கையால் தள்ள வேண்டாம் என்று சொல்லி, இரண்டாவது கடிகாரத்தை அந்த மூலையில் வைத்துக் கொடுத்தேன்.

இந்த வருடமும் அக்டோபரின் முதல் ஞாயிறு வந்தது. காலையில் மூலையைத் தொட்டுப் பார்த்தேன். கீழே இருந்த கடிகாரம், யாரும் தொடாமலே, ஒரு மணி முன்னால் போயிருந்தது.