அடித்தார்கள் என்று புத்தகத்தில் இல்லை

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதத்தில் நான் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் வகுப்பறையில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு இன்றும் உண்டு. அதை மறைக்கும் எண்ணம் இல்லை.

அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அப்பாவைச் சிறுவனாக இருக்கும்போதே கொழுந்து மூட்டை தூக்க அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் மூட்டை சரிந்து ஓடைக்குள் விழுந்தது. அதற்காகக் கங்காணி, வேலையாட்களை மேய்க்க வைத்த எங்கள் ஆளே, அடித்த அடியின் தழும்பு அவருடைய முதுகில் குறுக்கே கிடக்கிறது. அந்தத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை அதற்கு முன்பே ஊருக்குக் கப்பலேறிவிட்டார். பிரம்பை மட்டும் விட்டுப் போயிருந்தார்.

பிறகு தமிழருக்கு எதிரான கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். தாத்தாவை வாசலிலேயே வெட்டிப் போட்டார்கள். மிஞ்சியவர்கள் வன்னிக்கு ஓடினார்கள். அங்கிருந்து அப்பாவும் அம்மாவும் இந்தியா போய், பிறகு கனடா வந்து சேர்ந்தார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, வன்னியிலேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டாள். அந்த மே மாதம் அவள் கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே ஒரு துண்டு மணலில், பதுங்குகுழிக்குள் பிள்ளைகளோடு இருந்தாள்.

அங்கே யாரிடமோ ஒரு சாட்டிலைற் போன் இருந்தது. வரிசையில் நின்றால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசலாம். வரிசையின் மேலேயே ஷெல் விழுந்ததும் உண்டு. சித்தி நேரம் பார்த்து அம்மாவை அழைப்பாள். நாங்கள் திருப்பி அழைக்க முடியாது. வரும்போது எடுத்தால்தான் உண்டு.

சனிக்கிழமைகளில் நாங்கள் மூவரும் ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே ஒரு காளான் பண்ணைக்கு வேலைக்குப் போவோம். விடியும்போது ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கார் பார்க்கிங்கில் கூட்டமாக நிற்க வேண்டும். வான்காரர் வந்து, யார் ஏறலாம், யார் வீட்டுக்குத் திரும்பலாம் என்று விரலை நீட்டுவார். யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாரும் அவரை அண்ணை என்போம். ஏற்றிய ஒவ்வொரு ஆளின் சம்பளத்திலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அப்பா வீட்டுக்குள் அவரைக் கங்காணி என்றுதான் சொல்வார். தோட்டத்திலும் இப்படித்தான் இருட்டோடு பிரட்டுக்களத்தில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்களாம்.

பண்ணைக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்பது வான்காரரின் சட்டம். வாசலில் ஒரு நீல வாளி இருக்கும். எல்லாரும் போனை அதற்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுத்தத்துக்காக என்று சொல்வார். உண்மை வேறு. அந்த மாதங்களில் தமிழ்ச் சனம் எந்நேரமும் வெளியே போய்ப் போனோடு நின்றதால் காளான் பறிப்பது பிந்தியது. முந்தின சனிக்கிழமை சித்தியின் அழைப்பு வாளிக்குள்ளேயே அடித்து ஓய்ந்திருந்தது. அதன்பிறகு ஒரு வாரம் அம்மா சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. இந்த முறை மட்டும் போனைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள விடும்படி அவரிடம் கெஞ்சினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே வாளியைக் காட்டினார்.

அன்று வானில் வரும்போது மடியில் சரித்திரப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். பரீட்சை நெருங்கியிருந்தது. பாடம், ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏகாதிபத்தியத்தின் காரணங்களும் விளைவுகளும். காரணங்கள் வரிசையாக இருந்தன: மூலப்பொருள், சந்தை, வல்லரசுகளின் போட்டி, தங்கள் நாகரிகம்தான் பெரிது என்ற எண்ணம். விளைவுகளில் ரயில் பாதையும் இருந்தது, பள்ளிக்கூடமும் இருந்தது. ஒரு பக்கத்தில் கொங்கோவின் பழைய புகைப்படம். போதிய ரப்பர் கொண்டு வராததற்காகக் கை வெட்டப்பட்ட ஒரு பையன் அதில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கொங்கோக்காரர், எங்களோடு காளான் பறிப்பவர். அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். கை நீட்டி எனக்காகப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

அடுத்த பக்கத்தில் எங்களைப் பற்றி ஒரே ஒரு வசனம் இருந்தது. இந்தியத் தொழிலாளர் இலங்கை, மலாயா, தென்னாபிரிக்கா முதலிய இடங்களின் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்தனர் என்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன் சீற்றில் இருந்த அப்பாவின் தோளைத் தட்டி, அதைத் தமிழில் சொன்னேன்.

அப்பா திரும்பாமலே கேட்டார்: "அடிச்சாங்கன்னு போட்டிருக்கா?"

நான் முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் பார்த்தேன். "இல்லப்பா."

"அப்ப அது வேற யாரோட கதையோ," என்றார்.

காளான் கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு. இரும்புத் தட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். எருவின் வாடையும் புழுக்கமும் மூச்சை அடைக்கும். கையில் குட்டைக் கத்தியோடு குனிந்து குனிந்து வெட்ட வேண்டும். வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாளிக்குள் போன் அடித்தது. அம்மாவின் போனுக்கு நான் ஒரு தனி மணியோசை வைத்திருந்தேன். அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வான்காரர் வாசலில் குறுக்கே நின்றார். "ஒருக்கா விட்டால் எல்லாரும் போனோடதான் நிப்பியள். போய் வேலையைப் பாருங்கோ."

அம்மா அவருடைய கைக்குக் கீழே குனிந்து போகப் பார்த்தாள். அவர் அவளுடைய கொண்டையைப் பிடித்து இழுத்து, பிடியை விடாமலே தள்ளினார். அவள் வாய் இரும்புத் தட்டின் விளிம்பில் மோதியது. வெள்ளைக் காளான்கள் மேல் ரத்தம் விழுந்தது. "தோட்டக்காட்டுச் சனத்தைக் கொண்டுவந்து வேலையில விட்டது என்ர பிழை," என்றார். மலைநாட்டுக்காரரைக் கேவலப்படுத்தச் சொல்லும் பேர் அது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அப்பா வந்தார். கையில் கத்தி இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு எருவுக்குள் எறிந்தார். "கையை எடு, கங்காணி," என்றார். அந்தச் சொல்லை அவர் அந்த மனிதனின் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொண்டே குத்தினார். மூக்கில் ஒன்று, கீழே விழுந்த பிறகும் ஒன்று. வான்காரர் ஒரு சின்ன இரும்பு ஏணியை இழுத்து அப்பாவின் விலாவில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா வான்காரரின் காலைப் பிடித்துக் கடித்தாள். அவர் மற்றக் காலால் அவளை உதைத்தார்.

கொங்கோக்காரர்தான் வாளியை நிலத்தில் கவிழ்த்தார். வெளிச்சம் மின்னிய போனை எடுத்து எனக்கு எறிந்தார்.

"அக்கா?"

"சித்தி, நான்தான், அக்கா மகள்."

"அக்காகிட்ட குடு புள்ள, சுருக்கா." அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஷெல் விழுந்து நிலம் அதிர்ந்தது. யாரோ குழந்தையின் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் போனைக் காதில் வைத்தபடியே அம்மாவிடம் ஓடினேன். அம்மா அலறுவதும், அப்பா உறுமுவதும், இரும்பு இரும்பில் மோதுவதும் அந்தச் சின்னத் துளை வழியாகச் சித்திக்குப் போயிருக்கும்.

"என்ன சத்தம் அது?" என்றாள் சித்தி. "அங்கயும் அடிக்கிறாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தபோது அதில் ஒன்றும் இல்லை.

வான்காரர் பொலிசைக் கூப்பிடவில்லை. அவருடைய வானில் வந்த பாதிப்பேருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எங்களைத் தெருவில் விட்டுவிட்டார். அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் மூவரும் ஸ்ரௌவ்வில் வரை நடந்தோம். வான்காரருடைய அண்ணன் குடும்பமும் சித்தி இருந்த அதே மணலில் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். சித்தியிடமிருந்து அழைப்பு இல்லை. ஜூனில் நான் பரீட்சை எழுதினேன். விளைவுகளில் முதலாவதாக, அடித்தார்கள், அடிக்கப் பழக்கினார்கள், அவர்கள் போன பிறகும் எங்கள் ஆட்களே எங்களை அடித்தார்கள் என்று எழுதினேன். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தார். என் அப்பாவின் முதுகு என்று அதன் கீழே எழுதி, விடைத்தாளை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். புள்ளி கூடவில்லை.

மாரிக் குளிர் தொடங்கியபோது வவுனியாவிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். போரில் மிஞ்சியவர்களை அடைத்து வைத்த முகாமிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். சித்தி கடைசியாக அழைத்த அன்று போன் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவளாம். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அடுத்த நாள் மத்தியானம் ஷெல் பட்டு உங்கட தங்கச்சி முடிஞ்சுபோனா அக்கா. பிள்ளையளும்தான்," என்றாள் அந்தப் பெண். பிறகு சொன்னாள். "அண்டு இரவு முழுக்க உங்களைப் பற்றித்தான் கதைச்சவ. அக்கா பாவம், அங்கயும் அடிக்கிறாங்க எண்டு சொல்லிச் சொல்லி அழுதவ."

அம்மா உதட்டில் இருந்த தையல் வடுவைத் தொட்டாள். பிறகு போனுக்குக் கிட்டப் போய், தெளிவாகச் சொன்னாள்.

"இல்லம்மா. இங்க எங்கள யாரும் அடிக்கல. அவகிட்ட சொல்லிருங்க."