நீலஏரிக்கு மேலே நின்ற பனிவிளிம்பு

1976 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்த கையோடு, சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் இருந்து என் காரில் நானும் யோகனும் புறப்பட்டோம். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவன். அவன் சிட்னிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பனிமலை பார்க்க ஆசைப்பட்டவன் நான். அவன் துணைக்கு வந்தான்.

மலையடிவார ஊரான ஜிண்டபைன் ஏறக்குறைய நானூற்றைம்பது கிலோமீற்றர். கூமா தாண்டியதும் சாலையோரம் வெளுக்கத் தொடங்கியது.

"மலர் கட்டித் தந்த இடியப்பம் கல்லாப் போச்சு அண்ணை."

"சம்பலைத் தொட்டுச் சாப்பிடு. உருகும்."

மலர் அவன் மனைவி. கைக்குழந்தை மகளோடு வீட்டில் நின்றுவிட்டாள்.

சனி காலை, பனியில் கால் புதையாமலிருக்கக் கட்டும் சட்டங்களை ஜிண்டபைனில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன். சோடி நாலு டொலர். கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: "புயல் நேற்றுத்தான் ஓய்ந்தது. முகட்டின் விளிம்பில் காற்று பனியை வெளியே நீட்டிக் கட்டியிருக்கும். அடியில் ஒன்றும் இராது. கிட்டப் போகாதீர்கள்."

யோகன் காரில் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். அவர் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. மண்சரிவுகளைக் கணிப்பது என் தொழில். கடைக்காரர் புதியவர்களை வெருட்டுகிறார் என்று நினைத்தேன்.

சாலை முடியும் கத்தீகாவில் காரை விட்டு நடந்தோம். சுற்றிவந்து முகட்டில் ஏறியபோது மதியம் கடந்திருந்தது. கீழே நீலஏரி உறைந்து, எது தண்ணீர், எது தரை என்று தெரியாமல் கிடந்தது. காற்று வீசும் பக்கம் மெல்லிய ஏற்றம், மறுபக்கம் செங்குத்து. எங்கள் ஊர்ப்பக்கம், வடமராட்சியில் மணற்காட்டு மணல்மேடுகளும் அப்படித்தான் இருக்கும். அவற்றின் உச்சியில் இருந்து கச்சான் கடலை கொறித்தவர்கள் நாங்கள்.

மலருக்குக் காட்ட ஒரு படம் எடுக்கலாம் என்றேன். ஏரியும் சேர்ந்து விழ, அவனை விளிம்புப் பக்கம் போகச் சொன்னேன்.

"இது நிக்குமோ அண்ணை?"

"மணற்காட்டிலை ஏறாத ஆளோ நீ? இன்னும் ரெண்டடி பின்னுக்குப் போ."

"இஞ்சினியர் சொன்னாச் சரிதான்" என்று சிரித்துக்கொண்டு போனான்.

கதவு சாத்தியது போல ஒரு சத்தம். கமெராவில் வானம் மட்டும் இருந்தது. உடைந்த விளிம்பு கீழே விழுந்து, சரிவு முழுவதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போனது.

சுற்றி இறங்கி அந்தக் குவியலை அடைய வெகுநேரம் ஆயிற்று. மணலென்றால் கை உள்ளே போகும். சரிந்து நின்றுவிட்ட வெண்பனி சீமெந்தாக இறுகியிருந்தது. நகம் பெயர்ந்ததே தவிர, ஒரு முழம்கூடத் தோண்ட முடியவில்லை. மறுநாள் மீட்புக்காரர்கள் நீளக் கம்பிகளால் குத்திக் குத்தி அவனைக் கண்டெடுத்தார்கள்.

ஜிண்டபைன் பொலிஸ் நிலையத்தில் இருந்து மலருக்குத் தொலைபேசி எடுத்தேன். விளிம்பு உடைந்தது என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டாள்:

"அவர் ஒருத்தற்றை சொல்லும் கேக்கமாட்டார். நீங்கள் மறிச்சும் கேக்கேல்லையோ அண்ணை?"

"ஓம்" என்றேன்.

மலர் அதை நம்பினாள். தகப்பனின் பிடிவாதத்தைப் பற்றிச் சொல்லியே மகளை வளர்த்தாள். நானும் பக்கத்தில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். சென்ற மாதம் மலரும் போய்விட்டாள்.

யோகன் பிடிவாதக்காரன் அல்ல. நான் சொன்ன இடத்தில், சொன்னபடியே போய் நின்றான்.